கோராத மன்னிப்பு

இருபத்திரண்டு ஆண்டுகளில் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இணைப்புச் செயலாளராக இருந்த தங்கரத்தினத்திற்கு ஒரு கொள்கை இருந்தது. பாராளுமன்ற மனுக்குழுவிடம் நியாயம் கேட்கக் கூடாது, இரக்கம் கேட்க வேண்டும் என்பதே அது. நியாயம் கேட்டால், எதிரே அமர்ந்திருக்கும் திணைக்களம் தன் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டி வரும். எந்தத் திணைக்களம் ஒப்புக்கொள்ளும்? இரக்கம் கேட்டாலோ எவருக்கும் நோகாது. தவிசாளர் பெருந்தன்மை காட்டுவார்; அதிகாரி தலையசைப்பார்; மனுதாரர் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவார். தங்கரத்தினத்தின் கையால் எழுதப்பட்டு வென்ற மனுக்கள் எழுபதுக்கு மேல். அவற்றுள் ஒன்றேனும் ‘என் பிழையைப் பொறுத்தருளுமாறு’ என்னும் தொடர் இல்லாமல் கொழும்புக்குப் போனதில்லை.

பூரணியின் மனுவிலும் அத்தொடரை அவரே எழுதினார். அது பூரணிக்குத் தெரியாது.

பூரணி கிளிவெட்டியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியவர். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில், மூதூர்ச் சனங்கள் ஷெல்லுக்குப் பயந்து கிளிவெட்டி வழியாகக் கந்தளாயை நோக்கி நடந்தபோது, அவர்களுள் றம்லா என்னும் நிறைமாதக் கர்ப்பிணியும் இருந்தாள். சிகிச்சை நிலையத்தின் வாசலிலேயே அவளுக்கு நோவு கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. அங்கே வைத்துப் பார்க்கக்கூடிய பிரசவம் அன்று. பூரணி நிலையத்தைப் பூட்டினார். யாரோ ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் றம்லாவையும் அவளுடைய கணவரையும் ஏற்றித் தாமும் ஏறினார். பாதி வழியில், வீதியோரத்து மருதமரமொன்றின் கீழ், தாயும் பிள்ளையும் இறந்தனர். றம்லாவின் தலை அப்போது பூரணியின் மடியில் இருந்தது.

ஏழு மாத அகதி வாழ்வின் பின் திரும்பி வந்தவருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. முன்னறிவித்தலின்றிப் பதவியைக் கைவிட்டுச் சென்றவர் என்று அவர் சேவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். விசாரணையறிக்கையில் மேலும் ஒரு வரி இருந்தது: ‘உத்தியோகத்தர் நிலையத்தைக் கைவிட்டமையால், தாயொருவர் பராமரிப்பின்றி இறக்க நேர்ந்தது.’

அந்த ஒரு வரியை அழிப்பிப்பதற்காகவே பூரணி பத்தொன்பது ஆண்டுகள் நடந்தார். ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம், “அது கிடைச்சால் கிடைக்கட்டும், கிடைக்காட்டிப் போகட்டும். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கோ,” என்பார்.

அவருடைய முதல் மனு அவருடைய சொற்களாலேயே எழுதப்பட்டது. றம்லாவின் கணவர் கலீலுர் றஹ்மான் கொடுத்த சத்தியக்கடதாசியும் அதனுடன் இணைக்கப்பட்டது. அதைச் சபையில் சமர்ப்பித்த உறுப்பினர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். மனு, குழுவின் நிரலில் ஏறும் தறுவாயில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாராளுமன்றம் கலைந்தால் குழுக்களும் கலையும். குழுக்கள் கலைந்தால் அவற்றின் முன்னிருந்த மனுக்களும் செல்லாக்காசாகும். அந்த உறுப்பினரும் தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிய உறுப்பினர், புதிய மனு.

புதிய உறுப்பினர் இராகுலன், பழைய செயலாளரைத் தம்முடன் வைத்துக்கொண்டார். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொலைவிலிருந்து வருவோரிடம் மூன்று வெற்றுத் தாள்களின் அடியில் கையொப்பம் வாங்கிவைப்பார்கள். தட்டச்சில் ஒரு பிழை நேர்ந்தாலும், ஒரு திகதி மாறினாலும், அந்த மனிதரை இரண்டு பேருந்து ஏறி மீண்டும் வரச்செய்ய வேண்டியதில்லையே! உதவி செய்யும் எண்ணத்தில் தொடங்கிய வழக்கம் அது. கையொப்பம் என்பது, படித்தேன், ஏற்றேன் என்பதற்கு மனிதன் இடும் சாட்சி. அதை எழுத்துக்கு முன்னே வாங்கிவைப்பது எத்தகைய ஒழுங்கீனம் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதல் மனுவின்போது பூரணியிடம் வாங்கிய மூன்று தாள்களில் ஒன்று மிஞ்சியிருந்தது.

தங்கரத்தினம் அந்தத் தாளில் புதிய மனுவைத் தட்டச்சுச் செய்தார். நிலையத்தைக் கைவிட்டது பிழையென்று எழுதினார். அதோடு நின்றிருந்தாலும் ஒருவகை. அதிகாரி விசாரணையறிக்கையைத் தூக்கிக்காட்டி மனுவை மறுத்துவிடுவாரே என்று அஞ்சி, அறிக்கையின் அந்த வரியையும் மனுதாரரின் வாக்குமூலமாகவே மாற்றி எழுதினார். கலீலுர் றஹ்மானின் சத்தியக்கடதாசி அதற்கு முரணாக இருந்தது. ஆகவே அதை இணைக்காமல் அலுமாரியில் வைத்துவிட்டார். அன்று மாலை அவருக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை. ஒரு பாவப்பட்ட மனுசிக்கு வழி திறந்துவிட்டோம் என்னும் திருப்தியே இருந்தது.

விசாரணை நாள் குறிக்கப்பட்டது. மனுதாரர் கொழும்புக்கு வரத் தேவையில்லை, மாவட்டச் செயலகத்திலிருந்து காணொளி வழியாகத் தோன்றலாம் என்று குழு அறிவித்தது.

புதன்கிழமை காலை, கச்சேரி என்னும் அந்தச் செயலகத்தின் மேல்மாடிக் கூட்ட அறைக்கு வெளியே பூரணி, தங்கரத்தினம், கலீலுர் றஹ்மான் மூவரும் அமர்ந்திருந்தார்கள். யன்னலுக்கு அப்பால், மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலொன்று உள்துறைமுகத்தில் அசையாமல் நின்றது. கலீலுர் றஹ்மான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் மூதூரிலிருந்து வந்திருந்தார். றம்லாவுக்குப் பின் அவர் மறுமணம் செய்யவில்லை. அவருக்குப் பூரணி ‘மிசி’; பூரணிக்கு அவர் ‘காக்கா’, அண்ணன்.

“மிசி, கன்னத்தில கைய வெச்சிட்டு இரிக்காதீங்க. பாராளுமன்றத்துக்கு முன்னால போற ஆள். கொஞ்சம் சிரிச்ச முகமாப் போங்க,” என்றார்.

“இந்தப் பல்லுப்போன வாயாலை சிரிச்சால் அவையள் பயந்து எழும்பிப் போயிடுவினம், காக்கா. பிறகு கூட்டம் நடத்த ஆளிராது.”

“அது சரி. அவங்கட கூட்டத்துக்கு நீங்க சிரிக்காமலே ஆள் காணாதாம்.”

பூரணி சிரித்தார். கடைசியாக எப்போது அவர் சிரித்துக் கண்டோம் என்று தங்கரத்தினம் எண்ணிப்பார்த்தார். நினைவில் வரவில்லை. மனுவில் தாம் எழுதியதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தவர், வேறொன்றைச் சொன்னார்.

“அக்கா, உள்ளுக்கை அவை என்ன கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாப்பன்.”

“எல்லாத்துக்கும் ஓமோ?”

“எல்லாத்துக்கும்.”

“ஓமெண்டு தலையாட்டத்தான் எண்டால் என்னை ஏன் தம்பி கூட்டிக்கொண்டு வந்தனீர்? கடையில ஒரு பொம்மை வாங்கிக் கதிரையில வைச்சிருக்கலாமே.”

கலீலுர் றஹ்மான் வாய்விட்டுச் சிரித்தார். தங்கரத்தினத்தின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இராகுலன்தான்; முதல்நாளும் அவர் அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சபையில் குழுக்களின் பிரதித் தவிசாளர் பதவிக்குத் தெரிவு நடைபெறவிருந்தது. இரு தரப்பும் அவருடைய பெயருக்கு இணங்கியிருந்தன. சபாநாயகரும் பிரதிச் சபாநாயகரும் இல்லாத வேளையில் அந்தப் பெரிய கதிரையில் அமரும் பதவி அது. “அண்ணை, இந்தக் கிழமை ஒரு சின்னப் பிரச்சினையும் வரப்படாது. விளங்குதோ?” என்று அவர் கேட்டிருந்தார். விளங்கியது.

உள்ளே கச்சேரியின் அபிவிருத்தி உத்தியோகத்தர் கீர்த்தனி திரையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். குழுவின் உரையாடலைத் தமிழில் சொல்லிக்கொடுப்பதும் அவளுடைய பொறுப்பாக இருந்தது. திரையில் நீண்ட மேசை தெரிந்தது. தவிசாளரையும் சேர்த்து ஐவர் இருந்தார்கள். ஐவருக்குக் குறைந்தால் நடப்பெண் போதாது, கூட்டம் செல்லாது. அவர்களுள் ஒருவர் ஏற்கெனவே பையை மடியில் வைத்திருந்தார். மேசையின் மறு முனையில் சுகாதாரத் திணைக்களத்தின் அதிகாரி. மனுவைச் சமர்ப்பித்தவர் என்ற முறையில் இராகுலன் பின்வரிசையில் அமர்ந்திருந்தார்.

தவிசாளர் வயதானவர், முகத்தில் உண்மையாகவே கனிவு இருந்தது. சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். கீர்த்தனி பூரணியின் பக்கம் குனிந்தாள்.

“அம்மா, உங்கட மனுவை வாசிச்சு மனம் கனத்துப் போச்சாம். இந்தக் காலத்தில பிழையை ஒத்துக்கொள்ளுறதுக்குப் பெரிய மனசு வேணுமாம். அதைப் பாராட்டுறாராம்.”

“எந்தப் பிழையை?” என்றார் பூரணி.

கீர்த்தனி திரையைப் பார்த்தாள், தங்கரத்தினத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். தவிசாளர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கூற, மனுவின் தாள் திரை முழுவதும் விரிந்தது. தமிழில், தெளிவான எழுத்தில், பிழையொன்றும் இல்லாமல் இருந்தது:

‘எனது கடமை நிலையத்தை முன்னறிவித்தலின்றி நான் கைவிட்டுச் சென்றமையும், அதனால் தாயொருவர் பராமரிப்பின்றி இறக்க நேர்ந்தமையும் எனது பிழைகளே. எனது வறுமையையும் முதுமையையும் கருதி, என் பிழையைப் பொறுத்தருளுமாறு தாழ்மையுடன் மன்றாடுகின்றேன்.’

அதற்குக் கீழே பூரணியின் கையொப்பம்.

பூரணி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி அணிந்து, மீண்டும் முதலிலிருந்து வாசித்தார். அவருடைய உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் உருவாக்குவதைத் தங்கரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பராமரிப்பின்றி’ என்னும் இடத்தில் அவை நின்றன.

“என்ட சத்தியக்கடதாசி எங்க?” என்று கலீலுர் றஹ்மான் எழுந்தார். “நான் காதியார்ட கந்தோர்ல வெச்சுக் கையெழுத்துப் போட்டுத் தந்த. அதயும் காட்டச் சொல்லுங்க புள்ள.”

கீர்த்தனி கேட்டுச் சொன்னாள். அப்படியோர் இணைப்பு மனுவில் இல்லை. இணைப்பில் பெயரில்லாதவர் சாட்சியுமில்லை. ஆகவே ஐயா அமர்ந்திருக்கலாம்.

தவிசாளர் மறுபடி கேட்டார். கையொப்பம் மனுதாரருடையதுதானா?

“கையெழுத்து என்ர,” என்றார் பூரணி. “கதை என்ர இல்லை.”

அது சிங்களத்தில் போய்ச் சேர்ந்ததும் மேசையைச் சுற்றிலும் ஓர் அசைவு ஏற்பட்டது. பையை மடியில் வைத்திருந்தவர்கூட நிமிர்ந்தார். அப்படியாயின் இதை எழுதியவர் யார்? தவிசாளரின் குரலில் கனிவு குறைந்து கண்டிப்பு ஏறியிருந்தது. மனுதாரருக்குத் தெரியாத வாசகத்தைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிப்பது சபையின் சிறப்புரிமையை மீறும் செயல். சமர்ப்பித்த உறுப்பினரே பதில் சொல்ல வேண்டும்.

பூரணி தங்கரத்தினத்தின் பக்கம் திரும்பினார். பெயரைச் சொல்லவில்லை. விரல் நீட்டவில்லை. அவர் தாமாகவே எழுந்து சொல்வார் என்று நம்பியவர்போலப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. திரையின் பின்வரிசையில் இராகுலனின் தலை குனிந்திருந்தது. தங்கரத்தினம் செய்தியைப் படித்தார். ‘சமாளியுங்கோ அண்ணை.’ வேறொன்றும் இல்லை.

அவர் எழுந்தார். ஒரேயொரு வாக்கியம் போதும். ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லிவிட்டால் பூரணியின் பத்தொன்பது ஆண்டும் நிமிர்ந்து நிற்கும். அந்த வாக்கியம் அவருடைய தொண்டைவரை வந்தது என்பதும் உண்மை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள், வந்து போகும் உறுப்பினர்களின் நாற்காலியைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட நாக்கு அது. வேறொரு வழியில் திரும்பிற்று. சரளமான சிங்களத்தில் பேசினார்.

“கௌரவ தவிசாளர் அவர்களே, அம்மாவுக்கு வயது போய்விட்டது. அண்மைக்காலமாக மறதி. வாசித்துக் காட்டித்தான் கையொப்பம் பெற்றோம். இப்போது நினைவில்லைப்போலும். தயவுசெய்து இதைப் பெரிதுபடுத்தாமல் இரக்கம் காட்ட வேண்டும்.”

கீர்த்தனி இதைத் தமிழில் சொல்லவில்லை. தலை குனிந்து, விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூதூர்ச் சந்தையில் முப்பது வருடம் வியாபாரம் செய்த கலீலுர் றஹ்மானுக்குச் சிங்களம் விளங்கும்.

“மிசி,” என்றார் அவர். “ஒங்களுக்கு மறதியாம். இந்தாள் சொல்றாரு.”

“எனக்கோ?”

“ஓம். ஒங்களுக்கு.”

திரையில் எல்லாருடைய முகமும் இளகியது. முதுமை, மறதி! எவரையும் குற்றஞ்சாட்டாத, எவருக்கும் நோகாத விடை அல்லவா அது? திணைக்களத்தின் அதிகாரி, தமக்கும் ஆட்சேபனை இல்லை, மனுதாரர் தவற்றை ஏற்றுக்கொண்டிருப்பதால் இரக்க அடிப்படையில் ஓய்வூதியம் வழங்கலாம் என்றார். தவிசாளர் குழுவைக் கேட்டார், குழு இணங்கிற்று. பூரணி ஒலிவாங்கியை நோக்கி ஏதோ சொல்லத் தொடங்கியபோது அடுத்த மனுவின் இலக்கம் வாசிக்கப்பட்டுவிட்டது. எல்லாமாகப் பதினொரு நிமிடங்கள்.

படிக்கட்டில் தங்கரத்தினம் அவர்களை எட்டிப் பிடித்தார்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. பென்சன் வரும். இதுக்கு மேல ஒருத்தரும் உங்களுக்கு இவ்வளவு செய்து தரமாட்டினம்.”

பூரணி நின்றார். “இன்னொரு மனு எழுதலாமோ? உண்மையை எழுதி?”

அதையாவது அவர் மறைக்காமல் சொன்னார். “ஏலாது அக்கா. தீர்ப்பாகாமல் கலைஞ்ச மனுவைத் திரும்பவும் குடுக்கலாம். தீர்த்த மனுவை எந்தப் பாராளுமன்றத்திலும் திரும்ப எடுக்கமாட்டினம். முடிஞ்சது முடிஞ்சதுதான்.”

“அப்ப இவ்வளவு நாளும் ஒரு திணைக்களம்தான் சொல்லிச்சுது. இனிப் பாராளுமன்றமே சொல்லுது. அதுவும் என்ர வாயாலை சொன்னதெண்டு.”

கலீலுர் றஹ்மான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி கீழே நின்றார். காலையில் கலகலப்பாக இருந்த அந்த மனிதரின் முகத்தில் இப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

“செயலாளர் தம்பி, எனக்கு ஒண்டு மட்டும் விளக்கமாச் சொல்லுங்க,” என்றார். “என்ட பொஞ்சாதி மவுத்தான நேரம் அவட தல மிசிட மடியில இருந்திச்சி. தண்ணி கேட்டா, மிசிதான் குடுத்த. கலிமா சொல்லுங்க காக்கா, காதில சொல்லுங்க எண்டு என்ன இழுத்து இருத்தினதும் மிசிதான். இப்ப அவ ஒருத்தருமில்லாமத்தான் மவுத்தாகினா எண்டு எழுதியாச்சி. அப்பிடித்தானே?”

தங்கரத்தினம் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பையில் வைத்தார்.

“அதுக்கும் ஒரு ஓமெண்டு சொல்லுங்களன்,” என்று கூறிவிட்டுக் கலீலுர் றஹ்மான் இறங்கிப் போனார்.

பூரணி மட்டும் நின்றார். “தம்பி, ஒரு கடுதாசி எழுதித் தாரும். பாராளுமன்றத்துக்கு இல்லை. அந்த மனுசனுக்கு. நீர்தான் எழுதினதெண்டு உம்மட கையாலை ரெண்டு வரி. அது காணும்.”

“வெள்ளிக்கிழமை தாண்டட்டும் அக்கா. கட்டாயம் தருவன்.”

வெள்ளிக்கிழமை இராகுலன் ஏகமனதாகத் தெரிவானார். அன்றும் மறுநாளும் அலுவலகம் வாழ்த்துச் சொல்ல வந்தவர்களால் நிறைந்திருந்தது. அடுத்த வாரம் நன்றி தெரிவிக்கும் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் தங்கரத்தினம் பேனாவை எடுத்து, ‘அன்புள்ள கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு’ என்று தொடங்கினார். தம் கையொப்பத்துடன் அத்தகைய தாளொன்று மூதூரில் இருந்தால் அது நாளை யார் கைக்கெல்லாம் போகும் என்னும் எண்ணம் வந்தது. கிழித்துவிட்டார்.

மூன்று மாதங்களின் பின் குழுவின் தீர்மானம் வந்தது. அதனுடன் மனுதாரர் கையொப்பமிட வேண்டிய இணக்கப் படிவமும் இருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆயினும் தங்கரத்தினம் தாமே எடுத்துக்கொண்டு பூரணியின் வீடிருந்த பாலையூற்றுக்குப் போனார். தாம் பெற்றுத் தந்ததை அவருடைய கையிலேயே கொடுத்துவிட்டால் தம் மனத்துக்கும் ஓர் ஆறுதல் கிடைக்கும் என்று எண்ணினார்போலும்.

பூரணி குசினியில் இருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதிரையொன்றை இழுத்துப் போட்டார். தாம் இருக்கவில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவுமில்லை.

“வந்திட்டுது அக்கா. இதில ஒரு கையெழுத்துப் போட்டால் வாற மாதத்திலயிருந்து கிடைக்கும்.”

“என்ன எழுதியிருக்கு?”

“உங்களுக்குச் சாதகமாத்தான்.”

“எனக்குத்தானே மறதி. நான் வாசிச்சாலும் நிக்காது. நீர் வாசியும்.”

தங்கரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இலக்கத்தையும் திகதியையும் வாசித்தார். குழுவில் சமுகமளித்த உறுப்பினர்களின் பெயர்களை வாசித்தார். ‘தமது கடமை நிலையத்தைக் கைவிட்டுச் சென்றமையைத் தவறென ஏற்று, மன்னிப்புக் கோரிய மனுதாரருக்கு’ என்பது வரை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“நிப்பாட்டாதேயும்.”

“அக்கா...”

“சத்தமா வாசியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேக்கட்டும்.”

அவர் வாசித்தார். ‘தாயொருவர் பராமரிப்பின்றி இறக்க நேர்ந்தமையையும் மனுதாரர் ஒப்புக்கொண்டுள்ளமையால்’ என்னும் இடத்தில் நின்று, இருமிவிட்டுத் தொடர்ந்தார். தவிசாளரின் பெயரையும் செயலாளரின் பெயரையும் இறப்பர் முத்திரையிலிருந்த எழுத்துகளையும்கூட வாசித்து முடித்தார். வாசிப்பதற்கு இனி ஒன்றும் மிஞ்சவில்லை.

பூரணி சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். படிவத்தை அவர் தொடவுமில்லை.

“இன்னொருக்கா வாசியும்,” என்றார்.

தங்கரத்தினம் தாளைத் திருப்பி, இலக்கத்திலிருந்து தொடங்கினார்.